மேல சன்னதி, 12-பி

தமிழ் முதுகலை படித்தவர்களுக்கு இந்த முகவரி மனப்பாடம். மணிவாசகர் பதிப்பகம் வெளியிட்ட நூல்களின் முகப்பில், சென்னைப் பாரிமுனை சிங்கர் தெருவோடு சேர்ந்து, கடலூர் மாவட்டச் சிதம்பரத்தின் இந்தத் தெருவும் அச்சேறியது.

1960களின் தொடக்கத்தில் இப்பதிப்பகத்தை நிறுவியவர் ச. மெய்யப்பன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர். 1929இல் தோன்றிய அந்தப் பல்கலைக்கழகமே பதிப்பகத்தின் விளைநிலம். எழுதுபவர்கள் அங்கே இருந்தார்கள், படிப்பவர்களும் அங்கே இருந்தார்கள். ஆய்வேடு என்றால் தட்டச்சுப் படிகளோடு நூலக அலமாரியில் அடங்கிவிடுவதே வழக்கம். அவற்றை மாணவர் கைக்கு எட்டும் புத்தகங்களாக்கியது இவருடைய பெரும் பணி என்றே சொல்ல வேண்டும். வ.சுப. மாணிக்கத்தின் இலக்கிய ஆய்வுகளும் சு. சக்திவேலின் ‘நாட்டுப்புற இயல் ஆய்வு’, ‘தமிழ்மொழி வரலாறு’ ஆகியவையும் இங்கிருந்து வந்தவை. தாலாட்டும் ஒப்பாரியும் பாடத்திட்டத்துக்குள் நுழைந்த காலத்தில், சக்திவேலின் நூல் பல வகுப்பறைகளுக்குத் துணைநின்றது. கதை, நாவல் விற்பனையை நம்பாமலே பட்டியல் ஆயிரம் தலைப்புகளைக் கடந்தது.

மணிவாசகர் என்ற பெயரிலும் ஒரு பொருத்தம் உண்டு. அப்பெயருக்கு உரிய மாணிக்கவாசகர் சொல்லச் சொல்லத் தில்லைக் கூத்தனே திருவாசகத்தை ஏட்டில் எழுதிக் கையொப்பமிட்டு, பொன்னம்பலத்தின் படியில் வைத்தான் என்பது இவ்வூர் மரபு. அந்தக் கூத்தன் ஆடும் நடராசர் கோயிலின் மேலைக் கோபுரம் இந்தத் தெருவிலிருந்து கூப்பிடு தூரம்.