பழம்பொருள் கடைகளில் சுழல்வட்டுத் தொலைபேசி: தேடலும் சான்றறிதலும்

முன்னுரை

1960, 1970ஆம் ஆண்டுகளைக் களமாகக் கொண்ட தமிழ்ப் புனைகதைகளில் கதைமாந்தர் தொலைபேசியில் எண்களைச் 'சுழற்றுவர்'. இத்தொடரை வகுப்பறையில் எதிர்கொள்ளும் இன்றைய மாணவர், எண்ணை எவ்வாறு சுழற்ற இயலும் என்று வினவுவது இயல்பே. சொல்லுக்குப் பொருள் கூறும் அகராதி மட்டும் இவ்வினாவுக்கு நிறைவான விடை தாராது; கருவியையே காட்ட வேண்டியுள்ளது. அக்கருவியோ இன்று பெரும்பாலும் பழம்பொருள் கடைகளில்தான் காணக்கிடைக்கின்றது. ஆயினும், அங்குக் கிடைப்பன யாவும் பழையன அல்ல. உண்மையிலேயே பழையனவும் மெருகூட்டப்பட்டுத் தம் வரலாற்றுச் சுவடுகளை இழந்திருப்பதுண்டு. எனவே, சுழல்வட்டுத் தொலைபேசியை அலங்காரப் பொருளாக அன்றிப் படித்தறியத்தக்க ஓர் ஆவணமாக அணுகும் முறையினை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

வட்டு இயங்கும் முறை

ஒரு கருவியை மதிப்பிடுவதற்கு முன் அது இயங்கும் முறையை அறிதல் வேண்டும். தானியங்கித் தொலைபேசி இணைப்பகத்திற்கு வழிவகுத்தவர் அமெரிக்கரான ஆல்மன் ஸ்ட்ரௌஜர் ஆவார். அவர் 1891இல் இதற்கெனக் காப்புரிமை பெற்றார். அவரது முறையில் அமைந்த முதல் பொது இணைப்பகம் 1892இல் இந்தியானா மாநிலத்தின் லபோர்ட் நகரில் திறக்கப்பட்டது. அதுவரை இணைப்பக ஊழியர் கையால் ஆற்றிய பணியை அழைப்பவரே செய்து கொள்ளும் நிலை இதனால் உருவாயிற்று. விரல் நுழைத்துச் சுழற்றும் வட்டு இதன் அடுத்த கட்ட வளர்ச்சியாகும்.

விரலை வட்டின் துளையில் இட்டுத் தடை வரை இழுத்து விட்டால், உள்ளிருக்கும் சுருள்வில் வட்டினைப் பழைய நிலைக்குக் கொணர்கின்றது. அவ்வாறு திரும்பும் வேளையிலேயே மின்னோட்டம் விட்டுவிட்டுத் துண்டிக்கப்படுகின்றது. 1 என்பதற்கு ஒரு துண்டிப்பு, 5 என்பதற்கு ஐந்து, 0 என்பதற்குப் பத்து. இத்துடிப்புகள் வினாடிக்குப் பத்து என்ற அளவில் செல்லுமாறு சிறியதொரு வேகக் கட்டுப்படுத்தி பார்த்துக்கொள்கின்றது.

இவ்வறிவு கடையில் நேரடியாகப் பயன்படும். 0 துளையில் விரலிட்டு இழுத்து விட்டால், வட்டு ஒரு வினாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில், சீரான ஒலியுடன் திரும்ப வேண்டும். இடையில் தயங்கினால் உள்ளே தூசியோ கெட்டியான எண்ணெயோ இருக்கலாம். மிக விரைந்து திரும்பினால் வேகக் கட்டுப்படுத்தி பழுதுற்றிருக்கலாம். வட்டு சுழலாமல், வட்டமாக அடுக்கிய பொத்தான்களை அழுத்தும் அமைப்பு இருப்பின், அது பழைய தோற்றத்தில் அண்மையில் செய்யப்பட்ட பொருள் எனத் துணியலாம்.

காலம் காட்டும் கூறுகள்

1930களின் தொடக்கத்தில் சுவீடனின் எரிக்சன் நிறுவனம், மணியையும் வட்டையும் ஒரே பேக்கலைட் உடலுக்குள் அடக்கிய கருவியை வெளியிட்டது. நார்வே ஓவியர் ஜீன் ஹைபர்க் அதன் வடிவத்தை அமைத்தார். அதனைத் தழுவி 1937 அளவில் பிரித்தானிய அஞ்சல் துறை 300 வகையை அறிமுகப்படுத்தியது. 1959இல் 700 வகை வந்தது. பிரித்தானியர் ஆட்சியில் இருந்த மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பிரித்தானிய வகைக் கருவிகள் புழங்கியமையால், இவ்வட்டாரக் கடைகளில் தேடுவோர் இவ்விரு வகைகளையும் அறிந்திருத்தல் நன்று.

பேக்கலைட் கனமானது, வெதுவெதுப்பாகும் வரை தேய்த்தால் மெல்லிய இரசாயன வாடை எழும். கறுப்பு நிறமே மிகுதி. சிவப்பு, பச்சை, தந்த நிறக் கருவிகள் அரியவை, ஆதலால் விலை உயர்ந்தவை. கறுப்புக் கருவிக்குச் சிவப்புச் சாயம் பூசி விற்பதும் உண்டு. திருகாணித் துளையின் ஓரத்தையும் உடலின் உட்புறத்தையும் நோக்கினால் உண்மை புலப்படும்.

வட்டின் எழுத்துகளும் சான்றாகும். ஆங்கில 'ஓ' எழுத்து 0 உடன் இருப்பின் அது பிரித்தானிய வட்டு. 6 உடன் இருப்பின் அமெரிக்க வட்டு. எண்கள் எதிர்வரிசையில் அமைந்த வட்டு நியூசிலாந்துக்குரியதாக இருக்கலாம். கருவியின் அடிப்புறத்தில் வகை எண், தயாரிப்பாளர் குறி, ஆண்டின் இறுதி இரு இலக்கங்கள் ஆகியன பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. ரிசீவரில் உள்ள குறியும் உடலில் உள்ள குறியும் முரண்பட்டால், வெவ்வேறு கருவிகளின் உறுப்புகள் ஒன்றிணைக்கப்பட்டுள்ளன எனக் கருத இடமுண்டு.

வட்டிலிருந்து பிறந்த வழக்கு

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவசர அழைப்புக்குரிய 999 என்னும் எண்ணும் இவ்வட்டின் எச்சமே. இவ்வெண் 1937 ஜூன் 30ஆம் நாள் இலண்டனில் நடைமுறைக்கு வந்தது. கம்பிகள் காற்றில் உரசினாலே ஒற்றைத் துடிப்புகள் தவறாக எழக்கூடும் என்பதால் 111 பொருந்தவில்லை. பொதுத் தொலைபேசிகளில் காசு இடாமல் 0 சுழற்றி ஊழியரை அழைக்கும் ஏற்பாடு முன்னரே இருந்தது. அதனை 9க்கும் நீட்டிப்பது எளிதாயிற்று. தடைக்கு அருகில் இருப்பதால் இருளிலும் புகையிலும் தடவி அறியத்தக்கது 9 என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

மொழியிலும் இத்தகைய எச்சம் உண்டு. ரிசீவரைத் தாங்கியின்மேல் வைத்தால் இணைப்பு அறுபடும். கைப்பேசியை எங்கும் வைக்காதபோதும் 'போனை வை' என்றே இன்றும் கூறுகின்றோம். 'சுழற்று' என்னும் வினை வழக்கொழிந்து வர, 'வை' என்னும் வினை நிலைபெற்றுள்ளமை மொழியாசிரியர் மாணவர்க்கு எடுத்துக்காட்டத்தக்க செய்தியாகும்.

தேடுவோர் கடமை

சிங்கப்பூரில் பல்லாண்டுகள் இயங்கிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் நாளுடன் மூடப்பட்டது. இத்தகைய இடங்கள் மறையுந்தோறும், பொருளுடன் கைமாறி வந்த வாய்மொழிச் செய்திகளும் மறைகின்றன. ஆதலின், இது எந்த வீட்டில் அல்லது அலுவலகத்தில் இருந்தது என்று விற்பவரை வினவிக் குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. 300 வகைக் கருவிகள் பலவற்றின் அடியில் சிறிய இழுப்பறை ஒன்று இருக்கும். அதனுள் எவரேனும் எழுதி வைத்த எண்கள் இருக்கக்கூடும். வட்டின் நடுவிலுள்ள அட்டையில் எத்தனை இலக்க எண் உள்ளது என்பது அவ்வூர் இணைப்பகத்தின் அளவை ஊகிக்க உதவும். அழுக்கெனக் கருதி அவ்வட்டையைக் களைந்துவிட்டால், கருவி பளபளக்கும். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதைக் கூற எதுவும் எஞ்சாது. ஆகவே, துடைப்பதற்கு முன் படமெடுத்தலும், பூச்சு அடிப்பதைத் தவிர்த்தலும் நலம்.

முடிவுரை

இன்றைய இணையவழித் தொலைபேசிச் சாதனங்கள் பல வட்டின் துடிப்புகளை உணர்வதில்லை. துடிப்பைத் தொனியாக மாற்றும் சிறு கருவியை இடையில் பொருத்தினால் பழைய தொலைபேசியையும் இயக்கலாம். இயங்காவிடினும் அதன் பயன் குன்றுவதில்லை. மேசைமேல் வைத்து மாணவரை ஒருமுறை 0 சுழற்றச் செய்தால், புனைகதையில் ஒருவர் ஆறு இலக்கங்களைச் சுழற்றுவதற்குள் அவர் மனம் மாறிவிட எவ்வளவு நேரம் இருந்தது என்பதை அவர்களே உணர்வர். இலக்கிய வாசிப்புக்கு இவ்வகையில் துணைநிற்கும் பொருள்களைத் தமிழ்த்துறைகளும் பள்ளிகளும் தேடிப் பேணுதல் விரும்பத்தக்கது.