நேற்று வரை திறந்த ஃபைல் இன்று திறக்கவில்லையா? அப்டேட்டுக்குப் பிறகு மொபைலில் நடப்பது இதுதான்!

மெடிக்ளெய்ம் பாலிசி எண், வங்கி டெபாசிட் முதிர்வடையும் தேதி, நகைக்கடன் ரசீது எண், கேஸ் கனெக்‌ஷன் நம்பர்... எல்லாவற்றையும் ஒரே எக்ஸெல் ஃபைலில் எழுதி, பாஸ்வேர்டு போட்டு மொபைலில் வைத்திருப்பவர்கள் உண்டு. யாரும் சட்டென்று பார்த்துவிட முடியாது, தேவைப்படும்போது கையிலேயே இருக்கும் என்ற நிம்மதிதான் காரணம்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவைத் திடீரென மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரில் பாலிசி எண் கேட்கிறார்கள். "என் போன்ல 'வீட்டுக் கணக்கு'ன்னு ஒரு ஃபைல் இருக்கும்மா. பாஸ்வேர்டுதான் உனக்குத் தெரியுமே" என்கிறார் அப்பா. மகள் ஃபைலைத் தொடுகிறாள். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வரவில்லை. 'இந்த ஃபைலைத் திறக்க முடியவில்லை. பழுதாகியிருக்கலாம்' என்று ஒரே ஒரு வரி வந்து நிற்கிறது.

போன வாரம் வரை திறந்த ஃபைல். இடையில் நடந்தது ஒன்றுதான். முந்தைய நாள் இரவு, சார்ஜில் கிடந்த போன் தானாக அப்டேட் ஆகியிருக்கிறது.

இந்த இடத்தில் மகள் இரண்டு தவறுகளைச் செய்யக்கூடும். ஃபைல் நிஜமாகவே கெட்டுவிட்டது என்று நம்பி அழித்துவிடுவது முதல் தவறு. 'பூட்டிய ஃபைலைத் திறந்து தருகிறோம்' என்று தேடலில் கண்ணில் படும் ஏதோ ஓர் இணையதளத்தில் அதைப் பதிவேற்றுவது இரண்டாவது. இரண்டையும் தவிர்க்க, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தாலே போதும்.

கெடாத ஃபைலை 'பழுது' என்று ஏன் சொல்கிறது?

மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் 2007-ல் இருந்து வந்த டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகை ஃபைல்கள் உண்மையில் 'ஜிப்' செய்யப்பட்ட ஒரு பொட்டலம். எழுத்து, படம், அட்டவணை எல்லாம் தனித்தனித் துண்டுகளாக அதற்குள் இருக்கும். பாஸ்வேர்டு போட்டதும் அந்தப் பொட்டலம் முழுவதும் ரகசியக் குறியீடாக மாற்றப்பட்டு, முற்றிலும் வேறு வகையான ஒரு பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. ஆனால், வெளியே தெரியும் பெயரும் ஐகானும் மாறுவதில்லை.

விஷயம் தெரிந்த ஆப், பெட்டியைப் பார்த்ததும் பாஸ்வேர்டு கேட்கும். தெரியாத ஆப், ஜிப் பொட்டலத்தை எதிர்பார்த்துப் போய் ஏமாந்து, ஃபைல் கெட்டுவிட்டது என்று கைவிரித்துவிடும். பீரோவைத் திறந்தவர் உள்ளே லாக்கர் இருப்பதைப் பார்த்துவிட்டு, பீரோவே உடைந்துவிட்டது என்று சொல்வதைப் போன்றதுதான் இது. லாக்கருக்கும் உள்ளே இருக்கும் நகைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்டேட் எதை மாற்றுகிறது?

போனில் உள்ள ஃபைலை அப்டேட் தொடுவதில்லை. அதைத் திறக்கும் வழியைத்தான் மாற்றுகிறது. பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்திருக்கும்.

*திறக்கும் ஆப் மாறியிருக்கலாம்:* இதற்கு முன்பு ஃபைலைத் தொட்டதும் எக்ஸெல் திறந்திருக்கும். இப்போது போனுடன் வந்த வேறொரு டாக்குமென்ட் வியூவர் முந்திக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டு கேட்கும் வசதி அதில் இல்லாமல் இருக்கலாம். மெயிலிலோ மெசேஜிலோ வந்த ஃபைலை அங்கேயே 'ப்ரிவ்யூ' பார்க்க முயன்றாலும் இதே சிக்கல் வரும்.

*அனுமதி போயிருக்கலாம்:* 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, ஆப்கள் போனின் ஃபைல்களை இஷ்டம்போல் மேய்வதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11 அதை இன்னும் இறுக்கியது. நீண்ட நாள்கள் பயன்படுத்தாத ஆப்பிடமிருந்து அனுமதிகளைத் தானாகத் திரும்பப் பெறும் வழக்கமும் அதில்தான் வந்தது. வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் திறக்கும் 'வீட்டுக் கணக்கு' போன்ற ஃபைல்களுக்கு இது சரியாகப் பொருந்தும்.

*ஆப்பின் பெயரே மாறியிருக்கலாம்:* வேர்ட், எக்ஸெல், பவர்பாயின்ட் மூன்றையும் சேர்த்து 2020-ல் 'ஆபிஸ்' என்ற ஒரே மொபைல் ஆப்பாக மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. பிறகு அது 'மைக்ரோசாஃப்ட் 365' ஆனது. 2025-ல் 'மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்' என்று மீண்டும் பெயர் மாறியது. பழைய ஐகானைத் தேடும் பெரியவர்கள், ஆப் காணாமல்போய்விட்டது என்று நினைத்து வேறு எதையோ தரவிறக்கிக்கொள்வது இப்படித்தான்.

*போன் பழையதாக இருக்கலாம்:* ஆண்ட்ராய்டில் கடைசி நான்கு பெரிய பதிப்புகளுக்கும், ஐபோனில் கடைசி இரண்டு ஐ.ஓ.எஸ் பதிப்புகளுக்கும் மட்டுமே ஆபிஸ் ஆப்களின் ஆதரவு என்பது மைக்ரோசாஃப்டின் கொள்கை. அதைவிடப் பழைய போனில் ஆப் இருந்தாலும், புதிய திருத்தங்கள் அதற்கு வந்து சேராது.

எந்தப் பூட்டு என்று தெரியுமா?

பாஸ்வேர்டு போட்ட ஃபைல் என்று பொதுவாகச் சொன்னாலும், ஆபிஸில் பூட்டுகள் பல வகை.

ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்டு கேட்பது முதல் வகை. இதில்தான் ஃபைல் முழுவதும் குறியீடாக மாறுகிறது. மாற்றம் செய்ய மட்டும் பாஸ்வேர்டு கேட்பது இரண்டாவது. இதைப் பாஸ்வேர்டு இல்லாமலேயே திறந்து படிக்கலாம். எக்ஸெல் ஷீட்டில் குறிப்பிட்ட கட்டங்களை மட்டும் யாரும் திருத்தாமல் தடுப்பது மூன்றாவது. கைதவறி மாற்றிவிடாமல் இருக்கத்தான் இது உதவும். ரகசியம் காக்க உதவாது.

நான்காவது, அலுவலகங்கள் பயன்படுத்தும் முறை. அலுவலகக் கணக்கில் லாகின் செய்தவரால் மட்டுமே ஃபைலைத் திறக்க முடியும். இதற்குத் தனியே பாஸ்வேர்டு கிடையாது. அப்டேட்டுக்குப் பிறகு ஆப்பில் லாகின் போயிருந்தால், எந்தப் பாஸ்வேர்டை அடித்தாலும் பயனில்லை. அலுவலகக் கணக்கில் மறுபடி உள்ளே நுழைய வேண்டும். வேலையை விட்ட பிறகு பழைய அலுவலக ஃபைல் திறக்காமல் போவதற்கும் இது காரணமாக இருக்கலாம்.

பூட்டின் வயதும் முக்கியம். ஆபிஸ் 97 முதல் 2003 வரையிலான ஃபைல்களில் வழக்கமாக இருந்தது 40-பிட் பூட்டு. இன்றைய கணினிக்கு அது தகரப் பூட்டு. 2007-ல் 128-பிட் ஏ.இ.எஸ் முறை வந்தது. 2016-ல் 256-பிட் ஆனது. ஆபிஸ் 2010-ல் இருந்து, கொடுக்கும் பாஸ்வேர்டை 1,00,000 முறை திரும்பத் திரும்பக் கணக்கிட்ட பிறகே ஃபைல் திறக்கிறது. பழைய போனில் சில விநாடிகள் சுற்றிக்கொண்டே இருந்தால் காத்திருப்பது நல்லது. திருடன் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்க முடியாமல் தடுக்கும் தாமதம் அது.

பாஸ்வேர்டு தவறு என்று வந்தால்?

பெட்டி வருகிறது, ஆனால் சரியான பாஸ்வேர்டை ஏற்க மறுக்கிறது என்றால் கீபோர்டைக் கவனிக்க வேண்டும். அப்டேட்டில் கீபோர்டின் அமைப்புகளும் மாறுவது உண்டு. முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக மாற்றுவது, பரிந்துரைச் சொல்லைத் தொட்டதும் பின்னால் ஓர் இடைவெளி சேர்ப்பது போன்றவை கண்ணுக்குத் தெரியாமல் பாஸ்வேர்டைக் கெடுத்துவிடும். ஆபிஸ் பாஸ்வேர்டில் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு.

தமிழில் பாஸ்வேர்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 'பொன்' என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினியின் கணக்கில் இரண்டும் வேறு. கணினியில் ஒரு கீபோர்டில் வைத்த பாஸ்வேர்டை, போனில் இன்னொரு கீபோர்டில் அடிக்கும்போது பூட்டு ஏற்காமல் போகலாம். பாஸ்வேர்டுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து வைப்பதே பாதுகாப்பு.

பி.டி.எஃப் பழக்கத்தையும் இங்கே கொண்டுவர முடியாது. இ-ஆதாருக்குப் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருடமும் என ஒரு கணக்கு உண்டு. வேர்ட், எக்ஸெல் ஃபைலுக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. வைத்தவர் வைத்ததுதான்.

ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்

1. முதலில் அந்த ஃபைலை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இனி எல்லா முயற்சியும் பிரதியில்தான். ஆப்பை அவசரப்பட்டு அன்இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஆப்புக்குள் மட்டும் சேமித்திருந்த ஃபைல்கள் அதோடு போய்விடக்கூடும்.

2. மெயிலில் வந்த ஃபைல் என்றால் போனில் சேமியுங்கள். அனுப்பியவரிடம் இருக்கும் ஃபைலின் அளவும் இதன் அளவும் ஒன்றா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் தரவிறக்கம் பாதியில் நின்றிருக்கிறது. மறுபடி தரவிறக்கினால் போதும்.

3. ஃபைலை நேரடியாகத் தொடாமல், முதலில் வேர்ட் அல்லது எக்ஸெல் ஆப்பைத் திறந்து, அதற்குள்ளிருந்து ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். பல நேரங்களில் பிரச்னை இங்கேயே முடிந்துவிடும்.

4. போனின் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு உள்ள அனுமதிகளைப் பாருங்கள். ஆப்புக்குப் புதிய அப்டேட் இருந்தால் போட்டுவிட்டு, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

5. பாஸ்வேர்டைக் குறிப்புப் பகுதியில் கண்ணால் பார்த்து அடித்து, காப்பி செய்து பெட்டியில் ஒட்டுங்கள். பிறகு அந்தக் குறிப்பை அழித்துவிடுங்கள்.

6. எதுவும் நடக்கவில்லையா? நம்பிக்கையான ஒரு கணினிக்கு ஃபைலை மாற்றுங்கள். அங்கே ஆபிஸ் இல்லாவிட்டால், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் போதும். மிகப் பழைய ஃபைல் என்றால், திறந்ததும் புதிய வடிவத்தில் சேமித்து, புதிய பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளுங்கள். கணினியில் ஃபைல், இன்ஃபோ, ப்ரொடெக்ட் என்ற வரிசையில் போனால் 'என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்டு' இருக்கும். அதே பெட்டியைக் காலி செய்து சேமித்தால் பூட்டு நீங்கிவிடும்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

பூட்டை நீக்கித் தருவதாகச் சொல்லும் முகம் தெரியாத இணையதளத்தில் ஃபைலைப் போடுவது, வீட்டு பீரோவைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டு வருவதற்குச் சமம். அதில் பாஸ்வேர்டையும் அடித்தால் சாவியையும் சேர்த்துக் கொடுத்தாயிற்று. பலரும் ஒரே பாஸ்வேர்டைப் பல இடங்களில் வைத்திருப்பதால் ஆபத்து அந்த ஃபைலோடு நிற்காது.

கஸ்டமர் கேர் என்று இணையத்தில் கிடைக்கும் எண்ணை அழைத்து, அவர்கள் சொல்லும் திரைப்பகிர்வு ஆப்பை இறக்குவதும் அப்படித்தான். ஓ.டி.பி-யும் வங்கி ஆப்பும் அந்தத் திரையில்தான் வரும். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

அறிமுகமில்லாதவர் பாஸ்வேர்டு போட்ட ஃபைலை அனுப்பி, பாஸ்வேர்டையும் அதே மெயிலில் எழுதியிருந்தால் திறக்கவே வேண்டாம். பூட்டிய ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று வைரஸ் சோதனையால் எட்டிப் பார்க்க முடியாது. மோசடிக்காரர்களுக்கு அது வசதி.

மாற்றுச் சாவி எங்கே?

பாஸ்வேர்டை மறந்துவிட்டால் மைக்ரோசாஃப்ட்டாலும் மீட்டுத் தர முடியாது. அந்த நிறுவனமே பாஸ்வேர்டு போடும்போது இதை எச்சரிக்கிறது. பூட்டு நல்ல பூட்டாக இருப்பதன் விலை இது. ஆகவே, குடும்பத்துக்கு உயிர்நாடியான தகவல் ஒரே போனில், ஒரே ஃபைலில், ஒரே ஒருவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டில் இருக்கக் கூடாது.

பாலிசி எண், வங்கியின் பெயர், கிளை, யாரை அழைக்க வேண்டும் என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதி பீரோவில் வைக்கலாம். ஃபைலின் இன்னொரு பிரதியைப் பென்டிரைவில் வைக்கலாம். பாஸ்வேர்டை வீட்டில் நம்பிக்கையான இன்னொருவரிடம் சொல்லி வைக்கலாம். பெரிய அப்டேட் வந்த மறுநாள், காபி குடிக்கும் நேரத்தில் அந்த ஃபைலை ஒருமுறை திறந்து பார்த்துவிடலாம். திறக்கவில்லை என்பது அன்றே தெரிந்தால், சரிசெய்ய அவகாசம் இருக்கும்.

மருத்துவமனை கவுன்ட்டரில் நிற்கும் அந்த மகளிடம் மீண்டும் வருவோம். அவள் ஃபைலை அழிக்கவில்லை, எந்தத் தளத்திலும் போடவில்லை. எக்ஸெல் ஆப்பைத் திறந்து, அதற்குள்ளிருந்து 'வீட்டுக் கணக்கு'வைத் தொடுகிறாள். பாஸ்வேர்டு பெட்டி வருகிறது. பாலிசி எண் கிடைத்துவிடுகிறது.

அப்பா வீடு திரும்பியதும், அந்த எண்ணை முதலில் ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வைப்பாள்.