மங்கிய பைபர் படகுக்கு மீண்டும் பளபளப்பு



மளிகைக் கடைக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கடலோர ஊர்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு அது தெரியும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரைகளில் பைபர் படகுகள் பெருகின. வெளுத்துப்போன படகைத் தேய்க்கப் பாத்திரம் துலக்கும் பவுடரும், கம்பி நாரும், ஆசிட்டும் கேட்டு மீனவர்கள் நம்மிடம்தான் வருகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒரு வாடிக்கையாளருக்கு நானே முரட்டு உப்புத்தாள் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் தேய்த்ததில் நிறம் போய், உள்ளே கண்ணாடி இழை தெரிந்துவிட்டது. பழுது பார்த்த செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனாலும், "நீங்க சொல்லித்தானே அண்ணாச்சி செஞ்சேன்" என்று அவர் கேட்டது இன்றும் உறுத்துகிறது. அதன் பிறகே விவரம் அறிந்தவர்களிடம் விசாரித்தேன்.

பைபர் படகின் மேல்தோலுக்கு ஜெல்கோட் என்று பெயர். நிறமும் பளபளப்பும் அதில்தான் இருக்கின்றன. அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். வெயில் பட்டுப் பட்டு அதன் மேற்பரப்பு சிதைந்து சுண்ணாம்புபோல் பொடிகிறது. கையால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டும். இது அழுக்கு அல்ல. சோப்பு மட்டும் போட்டால் போகாது. பொடிந்த பகுதியை மெல்லத் தேய்த்து எடுத்தால் அடியிலுள்ள நல்ல பகுதி பளபளக்கும். தேய்க்கத் தேய்க்கத் தோல் குறையும் என்பதால், தேவைக்கு மேல் ஒரு முறைகூடத் தேய்க்கக் கூடாது.

செய்முறை இதுதான்:

1. நல்ல தண்ணீரில் சாதாரண சோப்புக் கரைசலால் கழுவி, உப்பும் மணலும் போக்கி, நிழலில் காயவிட வேண்டும்.

2. மறைவான இடத்தில் சிறிது தேய்த்துப் பார்க்க வேண்டும். லேசான மங்கலுக்குப் பாலிஷ் போதும். அதற்கு மசியாவிட்டால் ரப்பிங் காம்பவுண்ட்.

3. அதற்கும் மசியாவிட்டால் மட்டும் வாட்டர் பேப்பர். 800, 1000, 1500 என்ற வரிசையில், தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிறகு காம்பவுண்டும் பாலிஷும் போட வேண்டும்.

4. இரண்டடிக்கு இரண்டடி இடமாகப் பிரித்துக்கொண்டு, மெல்லிய பனியன் துணியால் வேலை செய்வது நல்லது. மிஷின் என்றால் வேகம் குறைவாக இருக்கட்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் சூட்டில் கருகும். ஓரங்களிலும் முனைகளிலும் தோல் சீக்கிரம் தேய்ந்துவிடும். அங்கே அழுத்தம் ஆகாது.

5. கடைசியில் வாக்ஸ். அது வெயிலையும் உப்பையும் தடுக்கும். ஆண்டுக்கு இரு முறையாவது பூச வேண்டும்.

முகத்தில் துணியும் கண்ணாடியும் அவசியம். கம்பி நாரின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு துருக்கறை விடும். எண்ணெய் தடவினால் வரும் மினுக்கம் நிலைக்காது, தூசிதான் சேரும். இழை தெரிந்துவிட்டால் எந்தப் பாலிஷும் உதவாது. புது ஜெல்கோட்டோ பெயிண்டோதான் வழி.

எனவே உப்புத்தாள் கேட்டு வருபவரிடம், "எதற்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். படகுக்கு என்றால் பாலிஷிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அன்றைக்கு நான் கேட்டிருந்தால் அந்தப் படகு தப்பியிருக்கும்.