நாரும் பிசினும் சேர்ந்த குழாய் பாசனத்துக்கு ஆகுமா?

கீழப்பழுவூர், திருமானூர் பக்கத்து விவசாயிகளுக்குக் குழாய்ச் செலவு புதிதல்ல. மண் வாய்க்காலில் விட்டால் கிணற்றுத் தண்ணீரில் ஒரு பங்கு வழியிலேயே இறங்கிவிடும். குழாய் பதித்தால் கைக்காசு கரையும். எனவே தென்னை நார், சணல், கற்றாழை நார் கொண்டு குழாய் செய்யலாம் என்றால் ஆவல் எழுவது இயல்பே.

முறை இதுதான். நாரைக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து, அலசி உலர்த்த வேண்டும். மேலுள்ள மெழுகு போனால்தான் பிசின் பிடிக்கும். பின்னர் பாலியெஸ்டர் அல்லது ஈபாக்சி பிசினில் தோய்த்து, உருளை அச்சின் மேல் சாய்வாகச் சுற்றி, இறுகியதும் அச்சை உருவிவிடலாம். தண்ணீர் அழுத்தும்போது குழாயின் சுற்றுவாக்கில் ஏற்படும் இழுவிசை நீளவாக்கில் உள்ளதைப்போல் இரு மடங்கு. குழாய் வெடித்தால் நீளமாகப் பிளப்பது இதனால்தான். ஆகவே நாரை நீளவாக்கில் மட்டும் போடுவதில் பயனில்லை.

நம் பகுதி முந்திரிக்கும் இதில் இடமுண்டு. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்தும் பிசின் தயாரிக்கலாம்.

தொல்லை எங்கே என்றால், நார் தண்ணீர் குடிக்கும். குடித்த நார் உப்பும், பிசினில் கீறல் விழும், பிறகு கசிவுதான். தென்னை நாரில் லிக்னின் 40 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் எளிதில் மக்காது. ஆனால் இழுவலிமையில் சணலுக்குக் குறைவு. அமெரிக்காவில் மரக்கூழையும் தார்க்கீலையும் சேர்த்து ‘ஆரஞ்ச்பர்க்’ குழாய் செய்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏராளமான வீடுகளில் கழிவுநீருக்குப் பதித்தார்கள். மண்ணின் பாரத்தில் அவை நசுங்கின. 1970களின் தொடக்கத்தோடு தயாரிப்பு நின்றது. அதைத் தோண்டி மாற்றிய செலவு வீட்டுக்காரர் தலையில்!

பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றினால், அடியில் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ அழுத்தம். மோட்டார் திடீரென நின்றால் ஒரு நொடி அதைவிட அதிகமாகத் தாக்கும். ஆகவே மோட்டாரிலிருந்து போகும் முதன்மைக் குழாய்க்கு, 4 கிலோ, 6 கிலோ என்று அழுத்தம் அச்சிட்ட பி.வி.சி. குழாயே ஏற்றது. நார்க்குழாயை, தொட்டியிலிருந்து தாழ்ந்த வயலுக்குத் தானாக ஓடும் தண்ணீருக்கு, தரைக்கு மேலே போட்டுப் பார்க்கலாம்.

விற்க வருபவரிடம் ஒரு சாண் துண்டு கேளுங்கள். எடைபோட்டு, ஒரு வாரம் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி எடைபோடுங்கள். எடை நன்றாக ஏறியிருந்தாலோ, வெட்டுமுனையில் நார் பிரிந்து நின்றாலோ, அந்தக் குழாய் வேண்டாம். முனை சரியாக இருந்தாலும், பொருத்தும் முன் வெட்டிய இடம் ஒவ்வொன்றிலும் பிசின் பூசச் சொல்லுங்கள். தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான்.