கோபக்கார வீரரும் கோட்டில் விழுந்த பந்தும்

நீங்கள் ஓங்கி அடித்த பந்து எல்லைக் கோட்டின் மேல் விழுகிறது. விழுந்ததை உங்கள் கண்ணாலேயே பார்த்தீர்கள். ஆனால் நடுவரோ, "வெளியே!" என்று கையைக் காட்டிவிடுகிறார். அப்போது உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

1981ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் நகரின் விம்பிள்டன் மைதானத்தில் இதேதான் நடந்தது. அமெரிக்க டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோவுக்கு அப்போது வயது 22. முதல் சுற்றிலேயே, தாம் அடித்த பந்து வெளியே என்று அறிவிக்கப்பட்டதும் அவர் நடுவரிடம் பாய்ந்தார். கோட்டிலிருந்து சுண்ணப்பொடி பறந்ததைப் பார்க்கவில்லையா என்று உரத்த குரலில் கேட்டார். நடுவர் மசியவில்லை. அந்தக் கோபக்காரரே அதே ஆண்டு, ஐந்து முறை தொடர்ந்து சாம்பியனாக இருந்த சுவீடனின் பியோர்ன் போர்க்கை இறுதி ஆட்டத்தில் வென்று பட்டம் பெற்றார்!

இந்தச் சண்டையில் நியாயம் யார் பக்கம்? இதைப் பௌதிகத்திடமே கேட்டுப் பார்ப்போமா?

கண்ணுக்கு எட்டாத வேகம்

ஒரு பந்து வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். தேர்ந்த வீரர்களுக்கு இது பெரிய வேகமே அன்று. அந்தப் பந்து தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு வினாடியின் 200இல் ஒரு பங்குதான். கண் இமைக்கும் நேரம் அதைப்போல் பல மடங்கு அதிகம்!

கோட்டு நடுவர் பந்தின் பாதைக்குப் பக்கவாட்டில் 6 மீட்டர் தள்ளி இருந்தால், அவர் கண்முன் பந்து கடக்கும் கோண வேகம் என்ன? 30ஐ 6ஆல் வகுத்தால் வினாடிக்கு 5 ரேடியன். அதாவது சுமார் 286 பாகை. நகரும் பொருளை நமது கண் சீராகத் தொடரக்கூடிய வேகமோ வினாடிக்கு ஏறத்தாழ 100 பாகைதான். ஆகவே, பந்து விழும் கணத்தை யாரும் முழுமையாகத் தொடர்ந்து பார்ப்பதில்லை. கண்ணுக்குக் கிடைத்த அரைகுறைச் செய்தியைக் கொண்டு மூளை ஒரு முடிவுக்கு வருகிறது.

அந்த முடிவில் ஒரு விசித்திரமான பிழையும் உண்டு. ஓடும் பொருளை, அது செல்லும் திசையிலேயே சற்று முன்னே தள்ளியிருப்பதாக மூளை உணர்கிறது. 2007ஆம் ஆண்டு விம்பிள்டன் போட்டியின் 4,000க்கும் மேற்பட்ட புள்ளிகளின் படப்பதிவுகளை விஞ்ஞானிகள் சிலர் ஆராய்ந்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். தவறான தீர்ப்புகள் 83 இருந்தன. அவற்றுள் 70 ஒரே மாதிரியானவை: பந்து உண்மையில் விழுந்த இடத்துக்கு அப்பால் விழுந்ததாகக் கருதிச் சொன்னவை!

அப்படியானால் மெக்கன்ரோ சொன்னதுதான் சரியா? அவசரப்படாதீர்கள். டென்னிஸ் ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர். பந்தை அடித்தவர் பெரும்பாலும் அது விழும் இடத்துக்கு வெகு தொலைவில் நிற்கிறார். அவருக்கும் இருப்பது அதே மனிதக் கண், அதே மூளை. போதாக்குறைக்கு, பந்து உள்ளே விழ வேண்டும் என்ற ஆசையும் உண்டு. சுண்ணப்பொடிச் சான்றும் உறுதியானதன்று. கோட்டை ஒட்டிய புல்லிலும் தூள் சிதறிக் கிடக்கலாம் அல்லவா? நடுவரின் கண் தவறும் என்பதாலேயே வீரரின் கண் சரி என்று ஆகிவிடாது.

கோபம் கேட்ட விலை

1984ஆம் ஆண்டு மெக்கன்ரோ ஆடிய 85 ஆட்டங்களில் 82இல் வென்றார். தோற்றவை மூன்றே மூன்று. அவற்றுள் ஒன்று நம் சென்னை வீரர் விஜய் அமிர்தராஜிடம்! ஆனால் மெக்கன்ரோ மறக்க முடியாத தோல்வி பாரிஸ் நகரில் நடந்த பிரெஞ்சு இறுதி ஆட்டம். செக்கோஸ்லோவாகியாவின் இவான் லெண்டிலுக்கு எதிராக முதல் இரண்டு செட்களையும் வென்று முன்னணியில் நின்றார். அப்போது ஒரு படப்பிடிப்பாளரின் காதுக்கருவியிலிருந்து வந்த இரைச்சல் அவரை எரிச்சலூட்டியது. ஆத்திரத்துடன் போய்க் கத்தினார். அதன் பிறகு ஆட்டம் மெல்ல மெல்லக் கைநழுவியது. லெண்டில் அடுத்த மூன்று செட்களையும் வென்றார். பிரெஞ்சு ஒற்றையர் பட்டம் மெக்கன்ரோவுக்குக் கடைசிவரை கிட்டவே இல்லை.

1990இல் ஆஸ்திரேலியப் போட்டியில் இரண்டு செட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முன்னணியில் இருந்தபோதே, கோட்டு நடுவரை முறைத்தது, மட்டையை உடைத்தது, திட்டியது ஆகியவற்றுக்காக ஆட்டத்திலிருந்தே நீக்கப்பட்டார். நான்காம் குற்றத்தில்தான் நீக்குவார்கள் என்று அவர் எண்ணியிருந்தார். புதிய விதியோ அதை மூன்றாக்கியிருந்தது!

'கோபம் அவர் பிறவிக் குணம், என்ன செய்வது?' என்பீர்களா? போர்க்குடன் ஆடும்போது மட்டும் மெக்கன்ரோ அடக்கமாக இருந்தார். போர்க்கின் மீது அவருக்கு அவ்வளவு மதிப்பு. அமைதிக்குப் பேர்போன போர்க்கும் சிறுவயதில் மட்டையை வீசி எறிந்தவர்தான்! ஆக, கோபத்தை அடக்க இருவராலும் முடிந்தது. மெக்கன்ரோ எப்போதும் அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

கூச்சல் அல்ல, கருவி

கோடுகளைப் பற்றிய வழக்கு எப்படித் தீர்ந்தது? 1980இலேயே விம்பிள்டனில் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு சர்வீஸ் கோட்டைக் கண்காணிக்கும் கருவி வந்துவிட்டது. 2007இல் பல கேமராக்களின் படங்களிலிருந்து பந்தின் பாதையைக் கணக்கிடும் 'ஹாக்-ஐ' முறை அங்கே வந்தது. அதுவும் பிழையற்றதன்று, ஆனால் அதன் பிழை சில மில்லிமீட்டர்தான், அதை அளந்து சொல்லவும் முடியும். 2025இல் விம்பிள்டன் கோட்டு நடுவர்களையே விலக்கிவிட்டு, மின்னணு முறைக்கு முழுவதும் மாறியது. மனிதக் கண் தவறும் என்று மெக்கன்ரோ கொண்ட சந்தேகம் நியாயமானதே. ஆனால் அந்தத் தவற்றைக் குறைத்தது அவருடைய கூச்சல் அன்று, பொறுமையான அளவீடு.

நீங்களே செய்து பாருங்கள்

உலர்ந்த சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். பந்தை நீரில் நனைத்து, கோட்டருகே விழும்படி ஒரு நண்பரை வேகமாக எறியச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு பக்கமாக நின்று, 'உள்ளே' அல்லது 'வெளியே' என்று முதலில் தாளில் எழுதிவிடுங்கள். பிறகே ஈரத் தடத்தைப் பாருங்கள். எறிந்தவரும் தம் தீர்ப்பைத் தனியே எழுதட்டும். ஐம்பது முறை செய்து பிழைகளை எண்ணுங்கள். யாருடைய பிழை அதிகம்? பிழைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன?

தாளில் இருக்கும் பிழைகளின் எண்ணிக்கையைப் பார்த்த பிறகு, அடுத்த ஆட்டத்தில் நடுவரிடம் பாய்வதற்கு முன் ஒரு கணம் நிற்பீர்கள். அந்த ஒரு கணம் மெக்கன்ரோவுக்கு வாய்த்திருந்தால், பாரிஸ் பட்டமும் அவருடையதாகியிருக்கலாம்!