முந்தி வந்த மீனும் பிந்தி வந்த மீனும்

ஐந்து சென்ரிமீற்றர் நீளமே உள்ள ஒரு கறுப்பு மீன், தன்னைப்போல் மூன்று மடங்கு நீளமான இன்னொரு மீனைப் பத்தே நாட்களில் சாகடித்ததை நாம் எமது வரவேற்பறையிலேயே கண்டோம். கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. வைக்க எண்ணியிருப்போர் மட்டும் இதனைச் சற்று ஊன்றிப் படிப்பது நல்லது.

இறந்த மீன் சாதாரணமானதன்று. வான்நீல உடல், கறுத்த முகம், வெண்ணிறக் கழுத்து, முதுகு நீளத்துக்கும் மஞ்சள் துடுப்பு. வாலடியின் இரு மருங்கிலும் சவரக்கத்தி போன்ற முள்ளொன்று மடிந்திருக்கும். கிழக்கு ஆபிரிக்கக் கரை தொடக்கம் மாலைதீவு, இலங்கை ஊடாக இந்தோனேசியா வரை இந்து சமுத்திரத்துப் பவளப் பாறைகளே அதன் வீடு. விற்பனையாளர் “இது இலங்கையிலிருந்து வந்தது” என்று சொன்னதும், விலையை இரண்டாம் முறை கேளாமலே வாங்கிவிட்டோம். ஒரு வாரச் சம்பளத்தில் பாதி அதற்குப் போயிற்று. எமது கடல் மீன் என்ற எண்ணம் செய்த வேலை அது.

கொன்றது, உடலில் மூன்று வெண்புள்ளிகள் கொண்ட டாம்செல் வகை மீன். புதுத் தொட்டியில் நீர் பதப்பட வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒருவகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும், வேறொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அந்த நச்சு நீரைத் தாங்கக்கூடிய முரட்டு மீனொன்றை முதலில் விடுவது பழைய வழக்கம். எமக்கும் அந்த ஆலோசனையே கிடைத்தது. இப்போது மீனே இல்லாமல் சிறிதளவு அமோனியாவை நீரில் இட்டு அதே வேலையைச் செய்துவிடுகிறார்கள் என்பதைப் பிந்தியே அறிந்தோம். ஆறு வாரங்கள் தனியே வாழ்ந்த அந்தக் கறுப்பு மீனுக்கு 300 லீற்றர் நீரும், அதிலுள்ள ஒவ்வொரு கல்லும் பொந்தும் சொந்தமாகிவிட்டன. அதன் பின்னர் வந்த நீல மீன் எங்கு ஒதுங்கினாலும் அது பிறர் காணியாகவே இருந்தது. ஓயாத துரத்தலால் அது உண்ண மறுத்தது. ஆறாம் நாள் உடலெங்கும் வெண்புள்ளி நோய் பூத்தது. பத்தாம் நாள் காலையில் நீரிறைக்கும் பம்பியின் பின்னால் கிடந்தது. வீட்டில் சின்னவள் அன்று பாடசாலைக்குப் போகவில்லை.

குற்றம் கறுப்பு மீனுடையதன்று. அதனை முதலில் குடியேற்றிய எம்முடையது.

ஒஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் (1973இல் நோபல் பரிசு பெற்றவர்) 1963இல் வெளியிட்ட ஆக்கிரமிப்புப் பற்றிய நூலைப் பவளப்பாறை மீன்களிலிருந்தே தொடங்குகிறார். புளோரிடாக் கடலிலும் தமது தொட்டிகளிலும் அவர் கண்டது இது: மீன் வேற்றினத்தைவிடத் தன்னினத்தையே கூடுதலாகத் தாக்குகிறது. ஒரே இரையை, ஒரே பொந்தை நாடி வருவது தன்னினந்தானே. அம்மீன்களின் பகட்டு நிறங்களுக்கு அவர் கூறிய விளக்கத்தைப் பின்வந்த ஆய்வாளர்கள் முழுமையாக ஏற்கவில்லை. ஆயினும் தன்னினத்தோடும் தன்னைப்போன்ற உருவத்தோடும் பகை முற்றும் என்பதைத் தொட்டி வைத்திருப்போர் எவரும் மறுக்கமாட்டார். கடலில் தோற்ற மீன் சில மீற்றர் தூரம் நீந்திச் சென்றால் உயிர் தப்பும். தொட்டியில் அந்தச் சில மீற்றர் கிடையாது.

முரட்டு மீன்கள் என்று கடைகளில் ஒரே பெயரால் அழைக்கப்படுவன உண்மையில் இருவகையின. சண்டைக்காரர் ஒருவகை, பசிக்காரர் மற்றொருவகை. சிங்கமீன் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. விசிறிபோல் துடுப்புகளை விரித்து மெல்ல மிதந்து வரும்; வாய்க்குள் அடங்கக்கூடிய எதையும் ஒரு கணத்தில் விழுங்கும். கலவாய் மீன்களும் அப்படியே. இவற்றோடு வாய்க்குள் அடங்காத பருமனுடையவற்றை வைத்தால் போதும். கிளாத்தியோ சண்டைக்காரன். முதுகு முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொண்டு பொந்துக்குள் இறுகிவிட்டால் எவராலும் இழுத்தெடுக்க முடியாது. இரண்டாம் முள்ளை அழுத்தினாலே பூட்டுத் திறக்கும். நண்டையும் மூரையையும் உடைக்கும் அந்தப் பற்கள் சிங்கமீனின் நீண்ட துடுப்புகளைக் கண்டால் சும்மா இருப்பதில்லை. ஆனால் கிளாத்திகளுக்குள்ளும் தரம் உண்டு. செம்பல் கொண்ட கருநீலக் கிளாத்தி ஓரளவு சாது. பச்சை உடலில் செம்மஞ்சள் வரிகள் ஓடும் கிளாத்தியைத் தனித்தொட்டியில் வைப்பதைவிட வேறு வழியில்லை. குட்டியாய் இருக்கையில் அழகாகத்தான் தோன்றும், ஏமாறவேண்டாம்.

இரண்டாம் முறை நாம் அவசரப்படவில்லை. கறுப்பு மீனைப் பிடிப்பதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சென்றது. கற்கள் அனைத்தையும் வெளியே எடுத்த பின்னரே அது வலைக்குள் வந்தது. அதனைக் கடையில் திருப்பிக் கொடுத்தோம். பின்னர் 180 சென்ரிமீற்றர் நீளமான பழைய தொட்டியொன்றை மலிவாக வாங்கினோம். ஏறத்தாழ 650 லீற்றர். லீற்றருக்கு 35 கிராம் வீதம் 23 கிலோ உப்பு. நீர், கண்ணாடி, கல், தாங்கி எல்லாம் சேர்ந்து ஒரு தொன்னை நெருங்கும். மாடிவீட்டில் குடியிருப்போர் வீட்டுச் சொந்தக்காரரிடம் கேளாமல் இதில் இறங்கக்கூடாது. எமது வீடு நல்லகாலமாக நிலத்தளத்தில் உள்ளது.

இம்முறை சாதுவானவை முதலில், முரடர் கடைசியில். முதலில் வெள்ளைப் புள்ளிகள் கொண்ட சிறிய அஞ்சாளை. அது நண்டு இறாலோடு திருப்தி அடையும் வகை. (மூடி இறுக்கமாக இல்லாவிடில் இரவில் அது தரையில் கிடக்கும்.) அடுத்துச் சிங்கமீன், அதன்பின் செம்பற் கிளாத்தி. நீல மீனை மீண்டும் வாங்க வீட்டார் விரும்பவில்லை. நாமே வற்புறுத்தி வாங்கினோம். நாலு வாரம் வேறொரு சிறு தொட்டியில் தனித்து வைத்து, நோயில்லை எனக் கண்ட பின்னரே கொண்டுவந்தோம். முதல்நாள் மாலை கற்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கினோம். தத்தம் பொந்து எங்கேயென்று பழைய மீன்களே தேடித் திரிந்தன. பின்னர் துளையிட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் நீல மீனை ஒரு வாரம் தொட்டியிலேயே தொங்கவிட்டோம். ஒன்றையொன்று பார்க்கலாம், கடிக்க முடியாது. திறந்துவிட்ட அன்று மற்றவற்றுக்கு வயிறு நிறையக் கொடுத்து விளக்கை அணைத்தோம்.

பசித்த கிளாத்தி மற்றவற்றின் துடுப்பைக் கடிக்கும். ஆகவே உணவில் கஞ்சத்தனம் கூடாது. சமையலுக்கு வாங்கும் பச்சை இறாலும் கணவாயும் போதுமானவை. எமது வீட்டில் கணவாய்க்கறி இப்போது அளவாகத்தான் கிடைக்கிறது. சிங்கமீனுக்கு நன்னீர்த் தங்கமீனைப் போடும் பழக்கம் அதன் ஈரலைக் கெடுக்கும். நீல மீனுக்கோ கடற்பாசி வேண்டும். சீனக்கடையில் விற்கும் உப்பிடாத பாசித்தாள் நல்லது. இறைச்சி தின்னும் மீன்களின் கழிவு மிகுதி. நுரைபிரிக்கும் கருவியோடு, வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்றியே ஆகவேண்டும்.

சிங்கமீனின் முள் நச்சுடையது. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சுடுநீரில், அதாவது 45 பாகை அளவில், கையை அமிழ்த்திக்கொண்டு வைத்தியரை நாடவேண்டும். வளர்த்துச் சலித்தவர்கள் மீனைக் கடலில் விடவும் கூடாது. இந்து, பசிபிக் சமுத்திரங்களுக்குரிய சிங்கமீன் 1985இல் புளோரிடாக் கரையில் காணப்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டதே காரணமென்று கருதப்படுகிறது. இன்று கரிபியன் எங்கும் பரவி, அங்குள்ள சிறுமீன்களைத் தின்று தீர்க்கிறது.

நீல மீன் வந்து இப்போது ஐந்து மாதங்கள். முதல் வாரங்களில் கிளாத்தியை அது விரட்டியபோது, தொட்டியின் வெளிப்புறத்தில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தோம். தன் நிழலோடு சண்டையிட்டு மற்றவற்றை மறந்தது. கண்ணாடியை எடுத்துவிட்ட பின்னரும், காலையில் அந்த மூலைக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டே பாசி தின்ன வருகிறது.