எடை ஏறுது, உயரம் ஏன் நின்னுபோச்சு?

ஸ்ரீரங்கத்தில் விஸ்வரூப தரிசனத்துக்குக் கூட்டம் சேரும் விடியற்காலையில், தூங்கிக்கொண்டிருக்கும் உங்கள் உடம்புக்குள்ளும் ஒரு வேலை மும்முரமாக நடக்கும். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், கார்ட்டிசால் என்ற ஹார்மோனை நிறையச் சுரக்கும். தெம்பாக எழவும், காய்ச்சலைத் தாங்கவும், ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் இருக்கவும் அது வேண்டும். நள்ளிரவில் அதன் அளவு நன்றாக இறங்கிவிடும்.

மிக அரிதாகச் சிலருக்கு அது இறங்குவதே இல்லை. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு சின்னக் கட்டி வந்து, அட்ரினலை ஓயாமல் விரட்டும். அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் 1912-இல் 23 வயதுப் பெண் ஒருவரின் உடல் மாற்றங்களை விவரித்தார். 1932-இல் காரணம் அந்தக் கட்டிதான் என்று எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இந்த நோய் வந்த ஒருவரை, போன வருஷம் அம்மா மண்டபத்தில் எடுத்த படத்தையும் இந்த வருஷப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருத்துவர்களும் பழைய படங்களைக் கேட்பார்கள். கன்னம் உப்பி முகம் வட்டமாகியிருக்கும், பிடரியில் சதை திரண்டிருக்கும். வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் தெரியும். லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும். மலைக்கோட்டைப் படி ஏறினால் தொடை வலுவிழந்து தடுமாறும்.

பிள்ளைகளிடம் இவற்றைவிட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. நிறையச் சாப்பிட்டுக் குண்டாகும் பிள்ளை பெரும்பாலும் உயரமாகவும் வளரும். குஷிங் வந்த பிள்ளைக்கோ எடை ஏறும், உயரம் அப்படியே நிற்கும். சுவரில் போட்ட பென்சில் கோடு மாதக்கணக்கில் மேலே நகரவில்லை என்றால் வீட்டில் சொல்லுங்கள். அப்படி ஒரு தோழனை வகுப்பில் யாராவது 'குண்டு' என்று கூப்பிட்டால் தடுத்துவிடுங்கள். அது அவன் தின்றதால் வந்ததே அல்ல.

கட்டியைவிட அதிகமாக இந்த மாற்றங்களுக்குக் காரணமாவது, கார்ட்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்து. ஆஸ்துமாவுக்கும் சிறுநீரக நோய்க்கும் மருத்துவர் அளந்து கொடுக்கும்போது அது உயிர் காக்கும். 'உடம்பு தேறும்' என்று சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரையிலும், பெயரில்லாத பொடியிலும் அது ஒளிந்திருக்கலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டவர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. வேலையில்லாமல் கிடந்த அட்ரினல் உடனே விழித்துக்கொள்ளாது, உயிருக்கே ஆபத்தாகலாம். திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனைக்கு அந்த மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோனால், எப்படிக் குறைப்பது என்று மருத்துவர் சொல்வார். காரணம் கட்டி என்றால், பெரும்பாலும் மூக்கு வழியாகவே அதை அறுத்து எடுக்கிறார்கள்.